முப்பத்தொரு வயதில் ஒரு சுழற்பந்து வீச்சாளர் எடுக்க வேண்டிய முடிவு

என் அண்ணன் மகனுக்கு வயது 31. இடது கைச் சுழற்பந்து வீச்சாளன். சென்னை லீக்கில் பெரும்பாலும் இரண்டாம் டிவிஷனிலும், இரண்டு பருவங்கள் முதல் டிவிஷனிலும் ஆடியிருக்கிறான். மாநில உத்தேச அணிப் பட்டியலில் ஒருமுறை பெயர் வந்தது. ரஞ்சிக் கோப்பை ஆட்டம் மட்டும் வாய்க்கவில்லை. 22 வயதில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தான். சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், பந்து வீசும்போது ஊன்றுகிற வலது முழங்காலில் உறையை மாட்டியபடியே திண்ணையில் உட்கார்ந்து, “சித்தப்பா, வேலைய விட்டுட்டு நானே ஒரு அகாடமி போட்டுடலாம்னு இருக்கேன். லோன் கிடைக்கும். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டான். அன்றைக்கே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்காக யோசித்து, நாலு பேரிடம் விசாரித்து, முன்னே போனவர்களின் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன். அவனைப் போன்றவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருப்பதால், கடிதமாக எழுதாமல் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை என்றவுடன் நம் கண்முன் வருபவர்கள் எல்லாரும் நாட்டுக்காக ஆடியவர்கள். சென்னையின் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கும்போதே 1983இல் ஜேம்ஸ் பாண்ட் படமொன்றில் நடித்தார். பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளரானார். அவர் குடும்பம் சென்னையில் நடத்திய பயிற்சித் திட்டத்திலிருந்துதான் லியாண்டர் பயஸ் வந்தார். 2024இல் இருவரும் ஒன்றாகவே சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் இடம்பெற்றார்கள். முத்தையா முரளிதரன் 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டுடன் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்று, ஐபிஎல் அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளராகவும் குளிர்பானத் தொழிலதிபராகவும் ஆனார். அவர் பிறந்ததே கண்டிக்கு அருகில் பிஸ்கட் தொழில் நடத்திய குடும்பத்தில் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெயரும் பின்புலமும் இருப்பவர்களுக்குத் திறக்கும் கதவுகளை வைத்து, லீக்கோடு நின்றுவிட்ட ஒருவன் திட்டமிட முடியாது. ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். 2022 ஜூனில் இந்திய கிரிக்கெட் வாரியம் தன் ஓய்வூதியத்தை உயர்த்தியபோது, மாதம் 15,000 ரூபாய் பெற்றுவந்த, ரஞ்சி போன்ற முதல்தர ஆட்டங்கள் ஆடிய முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு 30,000 ரூபாய் ஆனது. 37,500 பெற்றுவந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுக்கு 60,000 ஆனது. முதல்தர ஆட்டமே ஆடாதவனுக்கு இதில் ஒரு ரூபாயும் கிடையாது. ஆகவே அவனுடைய கேள்விக்கு நான் பார்க்க வேண்டியவை வேறு: இறங்க எவ்வளவு பணம் வேண்டும், எத்தனை வயது வரை சோறு போடும், ஆடிய உயரம் எவ்வளவு கணக்கில் எடுக்கப்படும், அந்த முழங்கால் தாங்குமா.

இப்போது இருக்கிற வங்கி வேலையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவன் உதறிவிட நினைப்பது அதைத்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை என்பது தமிழ்நாட்டு விளையாட்டு வீரர் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியிலிருப்பவர்கள் அறிவதில்லை. ரயில்வேயும் வங்கிகளும் காவல்துறையும் இல்லையென்றால் நம் வாலிபால், கபடி, தடகள வீரர்களில் பலர் 20 வயதிலேயே ஆட்டத்தை விட்டிருப்பார்கள். மாநில அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆடுகிற காலத்தில் இந்த வேலை சொர்க்கம்தான். போட்டி நாட்கள் பணிநாட்களாகவே கொள்ளப்படும்; பருவம் தொடங்கினால் மதியத்தோடு கிளம்பிப் பயிற்சிக்குப் போகலாம். வலி தொடங்குவது ஆட்டம் நின்ற பிறகு. கூடச் சேர்ந்தவர்கள் துறைத் தேர்வுகளை எழுதி அதிகாரிகளாகியிருப்பார்கள். இவன் 32 வயதில் முழுநாள் நாற்காலியில் உட்கார்ந்து, தன்னைவிட எட்டு வயது இளைய பெண்ணிடம் கடன் கோப்புகளைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். 2025இல் பேட்மின்டன் பயிற்சியாளர் புல்லேலா கோபிசந்த், வசதியான குடும்பம் அல்லாதவர்கள் பிள்ளைகளை விளையாட்டில் இறக்க வேண்டாம் என்று சொன்னபோது பலர் வருந்தினார்கள். ஆட்டம் முடிந்த பிறகு அலுவலகங்களில் வீரர்கள் இழக்கும் மரியாதையும் அவர் மனத்தை உறுத்திய காரணங்களில் ஒன்று. அந்த அவமானம் உண்மைதான். ஆனாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும், மருத்துவச் செலவுக்கு வழியிருக்கும், இன்னும் 29 ஆண்டுகள் பணிக்காலம் இருக்கிறது. இந்த மூன்றையும் வேறு எந்த வழியும் அவனுக்குச் சேர்த்துத் தரப்போவதில்லை.

இனி அவன் ஆசைப்படும் அகாடமி. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கோபிசந்த் 2001இல் பேட்மின்டனின் பெரும் பட்டங்களில் ஒன்றான ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்றவர். அரசு நிலம் தந்தும் கட்டடத்துக்குப் பணம் போதாமல் தன் வீட்டை அடகு வைத்துத்தான் 2008இல் ஹைதராபாத் கச்சிபௌலியில் அகாடமியைத் திறந்தார். 2012இல் சாய்னா நேவாலும் 2016இல் பி.வி. சிந்துவும் ஒலிம்பிக் பதக்கத்தோடு வந்ததால் அது இன்று வெற்றிக்கதை. ஆல் இங்கிலாந்து வென்றவருக்கே வீட்டை அடகு வைக்கும் நிலை என்றால், இரண்டாம் டிவிஷன் பந்து வீச்சாளர் வங்கிக் கடனில் இறங்குவதன் பொருள் என்னவென்று அவன் யோசிக்க வேண்டும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் 2023இல் திறந்த மைதானம் அவன் அடிக்கடி சொல்லும் உதாரணம். நடராஜன் கடன் சுமையோடு தொடங்கவில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போதே, சொந்த ஊரில், ஐபிஎல் வருமானம் வந்துகொண்டிருந்த காலத்தில் கட்டினார். மாதாமாதம் பையன்கள் கட்டும் கட்டணத்தை நம்பியிருக்கும் நிலை அவருக்கு இல்லை.

சென்னைப் புறநகரில் நெட்ஸ் நடத்தும் ஒருவரோடு இரண்டு மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு பிட்ச், இரண்டில் சிமென்ட் தளத்தின் மேல் மேட்டிங், இரண்டில் செயற்கைப் புல். நிலம் வாடகை, பத்து மாத முன்பணம் கொடுத்தது. ஏப்ரலும் மே மாதமும் சம்மர் கேம்ப் என்று காலை ஆறு மணிக்கே கிட் பேக்குகள் வரிசையில் நிற்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். எஞ்சியவர்களில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிப்பவர்கள் தீபாவளியோடு நிறுத்திவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் மேட்டைச் சுருட்டி ஷெட்டுக்குள் போட வேண்டியதுதான். வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் உண்டு. அன்று மாலை அவர் ஒரு கையில் சைட் ஆர்ம் கருவியோடு ஒரே பையனுக்கு நாற்பது பந்துகள் எறிந்தார். பையனின் அப்பா வலைக்கு வெளியே நின்று, “சார், அண்டர் 14 செலக்‌ஷனுக்கு எப்போ அனுப்புவீங்க?” என்று கேட்டார். அவர் தோளைத் தடவிக்கொண்டே சிரித்தார். நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த மனிதர். ஆனால் அவருடைய நேரத்தில் பாதி கட்டண வசூலிலும், பெற்றோரைச் சமாதானப்படுத்துவதிலும், பந்து வாங்குவதிலும் போகிறது. அகாடமி என்பது ஒரு வணிகம். பந்து வீசத் தெரிவதற்கும் அதை நடத்தத் தெரிவதற்கும் சம்பந்தமே இல்லை. அண்ணன் மகனிடம் கடை நடத்தும் குணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதை அவனிடம் நேரில் சொல்லியும் இருக்கிறேன்.

அகாடமி வேறு, பயிற்சியாளர் வேலை வேறு. பிறர் நடத்தும் இடத்தில், முறையான சான்றிதழோடு, சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுப்பது நல்ல வழிதான். இதற்கு நான் நினைத்துப் பார்ப்பது புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜனை. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். கிடைத்த பரிசுப் பணத்தைத் தன்னிடம் ஓட வந்த பிள்ளைகளுக்குச் செலவழித்தார். 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். அதன் பிறகு பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் பணி நிரந்தரமானது. அவருக்கு நடந்த அநீதியை எதுவும் ஈடுசெய்யாது. ஆனால் மாதச் சம்பளத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது அந்தப் பட்டயம் என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயமாகட்டும், கிரிக்கெட் வாரியத்தின் லெவல் தேர்வுகளாகட்டும், இந்தக் காகிதம் இல்லாமல் பள்ளியிலும் சங்கத்திலும் இன்று உள்ளே நுழைய முடியாது.

அணிகளுக்குப் பயிற்சியாளராகும் மேல்நிலை வழிக்கு நீண்ட பொறுமை வேண்டும். ஹேமங் பதானி இந்தியாவுக்குக் கடைசியாக ஆடியது 2004இல். ஐபிஎல்லில் டெல்லி கேபிடல்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானது 2024இல். இடையில் தமிழ்நாட்டின் டி20 லீக்கான டிஎன்பிஎல்லில் சேப்பாக்கம் அணி, வெளிநாட்டு லீக், வர்ணனை என்று இருபது ஆண்டுகள் போயின. அங்கே போன பிறகும் நிலைப்பு கிடையாது. டபிள்யூ.வி. ராமன் பயிற்சியாளராக இருந்தபோதுதான் இந்திய மகளிர் அணி 2020 டி20 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்றது. 2021 மே மாதம் அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. முன்னாள் இந்திய வீரர்களே ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் காத்திருக்கும் இடம் அது. குடும்பத்தோடு இருக்கிற எழுத்தர் ஒருவனுக்கு இதை முதன்மை வழியாக நான் சொல்ல மாட்டேன்.

மைக் பிடிக்கும் வேலை பலருக்கும் கனவு. 2017இல் தமிழுக்கென்று தனி விளையாட்டு அலைவரிசை வந்த பிறகு பத்ரிநாத், பாலாஜி, சடகோபன் ரமேஷ், அபினவ் முகுந்த் என்று நம் ஆட்டக்காரர்களுக்குப் புதிய பிழைப்பு ஒன்று பிறந்தது. இந்தியாவுக்கு ஆடாத யோ மகேஷும் தமிழ் வர்ணனைக்கு வந்தார். ஆனால் அவரும் ஐபிஎல் ஆடியவர், பார்வையாளருக்குத் தெரிந்த முகம். வானொலிக் காலத்தில் இப்படி இல்லை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் ஆட்டத்தைத் தமிழில் சொன்னபோது, அவர் எத்தனை விக்கெட் எடுத்தவர் என்று யாரும் கேட்கவில்லை. மொழிதான் அவரை உட்கார வைத்தது. இன்று முகம்தான் முதலில் கேட்கப்படுகிறது. அண்ணன் மகனுக்கு நல்ல குரல் உண்டு, லீக் கதைகளைச் சுவையாகச் சொல்வான். சொந்தமாக யூடியூப் சேனல் வைத்துப் பேசட்டும், அதற்கு முதலீடு தேவையில்லை. அதை வருமானக் கணக்கில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

இந்த வழியில் அவன் கற்றுக்கொள்ள வேண்டியவர் தினேஷ் கார்த்திக். 2021 ஜூனில் சவுத்தாம்ப்டனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்துக்கு அவர் வர்ணனை செய்தபோது, ஆட்டத்திலிருந்து ஓய்வே பெறவில்லை. திரும்பி வந்து 2022இல் பெங்களூரு அணிக்கு ஆடி, அந்த ஆண்டு டி20 உலகக் கோப்பை அணியிலும் இடம்பிடித்தார். 2024 ஜூனில் விடைபெற்றார். அடுத்த மாதமே அதே பெங்களூரு அணியின் பேட்டிங் பயிற்சியாளர். 2025இல் அந்த அணி முதன்முறையாக ஐபிஎல் கோப்பையை வென்றது. அவருடைய புகழை அண்ணன் மகன் பின்பற்ற முடியாது. ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வேலையைத் தொட்டுப் பார்த்த அந்த முறையைப் பின்பற்றலாம்.

அடுத்த வேலையைப் பற்றி யோசிப்பதைத் தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்துக்கு சென்னையிலேயே ஒரு வரலாறு உண்டு. மேசைப்பந்தில் மூன்று முறை தேசிய வாகை சூடிய வி. சந்திரசேகர், 1984இல் முழங்காலுக்குச் சிறு அறுவைச் சிகிச்சை என்று மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஏற்பட்ட பாதிப்பால் நடையும் பேச்சும் பார்வையும் குலைந்து, பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடினார். அதன் பின்னும் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சியாளராக நின்றார், 2021இல் கொரோனாவில் மறைந்தார். ஆட்டம் எந்த நாளில் நிற்கும் என்பது ஆடுபவர் கையில் எப்போதும் இருப்பதில்லை. அண்ணன் மகனின் முழங்கால் உறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கவலைதான்.

கடைசியாக அம்பயர் வேலை. அவன் இதைத் தன் பட்டியலில் சேர்க்கவே இல்லை. “அது வயசானவங்க வேலை சித்தப்பா” என்றான். எனக்கோ, அவன் நிலையில் உள்ளவனுக்கு இதைவிடப் பொருத்தமான வழி தெரியவில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த எஸ். வெங்கட்ராகவன் இந்தியாவுக்கு 57 டெஸ்ட் ஆடி 156 விக்கெட் எடுத்தார். நடுவராக நின்றதோ 73 டெஸ்ட். அவர் பெரிய பெயர், சரி. அனந்தபத்மநாபனைப் பார்ப்போம்: கேரளத்தின் லெக் ஸ்பின்னர், இந்திய அணியில் அதே லெக் ஸ்பின்னுக்கு அனில் கும்ப்ளே இருந்த காலத்தில் பிறந்ததால் இந்திய அணியின் வாசலைத் தாண்டாதவர். ஆடி முடித்து நடுவராகி, 2020இல் ஐசிசி எனப்படும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் சர்வதேச நடுவர் குழுவில் சேர்ந்தார். ஆட்டக்காரராகக் கிடைக்காத சர்வதேச மைதானம் வெள்ளைத் தொப்பியோடு கிடைத்தது. நிதின் மேனன் 22 வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டு நடுவர் பணிக்குத் தயாராகி, 36 வயதில் ஐசிசியின் உச்ச நிலையான எலீட் குழுவை எட்டினார். ரயில்வே வேலையில் இருந்துகொண்டே உள்நாட்டுப் போட்டிகளில் ஆடிய ஜி.எஸ். லட்சுமி, இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல், 2019இல் ஐசிசி குழுவின் முதல் பெண் மேட்ச் ரெஃப்ரி ஆனார். வேறு எந்த வழியிலும், ஆடிய உயரம் இவ்வளவு குறைவாகக் கேட்கப்படுவதில்லை.

அதற்காக எளிது என்று நினைத்துவிடக் கூடாது. 2022இல் அகமதாபாத்தில் வாரியம் நடத்திய நடுவர் தேர்வில் ஏறத்தாழ 140 பேர் எழுதி 3 பேர் மட்டுமே தேறினார்கள். கேட்ட கேள்விகளில் ஒன்று: பெவிலியனின் நிழலோ, மரத்தின் நிழலோ, ஃபீல்டரின் நிழலோ பிட்சின் மேல் விழுகிறது என்று பேட்ஸ்மேன் முறையிட்டால் என்ன செய்வீர்கள்? பெவிலியன், மரம் ஆகியவற்றின் நிழலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஃபீல்டரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும், அவர் அசைந்தால் டெட் பால், அதாவது அந்தப் பந்து செல்லாது. இதை அண்ணன் மகனிடம் கேட்டேன். பதினொரு ஆண்டு லீக் ஆடியவன், பெவிலியன் நிழலில் தடுமாறினான். ஆனால் ஃபீல்டர் பகுதியை யோசித்து, காரணத்தோடு சரியாகச் சொன்னான். அந்த யோசிக்கும் பழக்கம்தான் இந்த வேலைக்கு மூலதனம்.

செலவு என்று பார்த்தால் விதிப் புத்தகம், தேர்வுக் கட்டணம், ஒரு கண் பரிசோதனை. முதலில் மாநிலச் சங்கத்தின் தேர்வு, பிறகு கீழ் டிவிஷன் ஆட்டங்கள், பிறகு வாரியத் தேர்வு என்று ஏற வேண்டும். தொடக்க ஆண்டுகளில் கிடைக்கும் பணம் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும்; லீக் ஆட்டங்கள் பல வார இறுதிகளில் நடப்பதால் வங்கி வேலைக்கு இடைஞ்சல் குறைவு. மேலே போனால் நிலை மாறும். 2022இல் வாரியம் தன் நடுவர்களை ஐந்து நிலைகளாகப் பிரித்தபோது, முதல்தர ஆட்டத்தில் மேல் நிலையினருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாயும் அடுத்த நிலையினருக்கு 30,000 ரூபாயும் ஊதியம் என்று செய்திகள் வந்தன. அங்கே எட்டாமல் போனாலும் அவன் இழப்பது சில சனி ஞாயிறுகளை மட்டுமே. நாள் முழுக்க நிற்பது முழங்காலுக்குச் சிரமம்தான். ஆனால் பந்து வீசி ஊன்றும் அந்தக் குதிப்பு இல்லை. ஒரு ஓவர் ஸ்டம்புக்குப் பின்னால், அடுத்த ஓவர் ஸ்கொயர் லெக்கில் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கலாம். பிசியோதெரபிஸ்ட்டிடம் இதைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. வேலையை விட வேண்டாம். இந்த ஆண்டே வங்கியின் பதவி உயர்வுத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கட்டும். நடுவர் தேர்வை முதல் விருப்பமாக வைத்துக்கொள்ளட்டும். பயிற்சியாளர் சான்றிதழை இரண்டாவதாக எடுத்து, ஞாயிறு காலைகளில் பிறருடைய நெட்ஸில் சுழற்பந்து மட்டும் சொல்லிக்கொடுக்கட்டும். ஐந்து ஆண்டுகள் கழித்தும் அகாடமி ஆசை இருந்தால், கடன் வாங்காமல், ஊரில் எங்கள் சொந்த நிலத்தில் இரண்டு பிட்ச் போடலாம். அதற்கு என் பங்கு நிலத்தைத் தர எனக்குச் சம்மதம்.

அண்ணிக்கு இந்த முடிவில் நிம்மதி. அவனுக்கு இன்னும் முழு மனம் இல்லை. கடன் விண்ணப்பத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்திருக்கிறான். போன வாரம் தொலைபேசியில் அழைத்து, “சித்தப்பா, பந்து ஃபீல்டர் போட்டிருக்கிற ஹெல்மெட்ல பட்டு மேல போய், இன்னொருத்தர் பிடிச்சா அவுட்டா?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். “அவுட்டு. 2017ல விதிய மாத்திட்டாங்க” என்று அவனே சொன்னான்.